பதினான்கு நிமிடம் இருபது நொடி

அத்தியாயம் 4

நான்கு நொடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போன மாதம் ஒரு தொலைக்காட்சி நிலையம் அண்ணியைப் பற்றி அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைக் காட்டியது. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தது, இறந்துவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்தவர்களை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தது, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தது என்று எல்லாம் விலாவாரியாக வந்தது. அந்த அலுவலகத்தின் ஒரே உதவியாளனான அவருடைய கொழுந்தன், அண்ணிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் பாதியைக் குடை மறைத்துவிட்டது. அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கைக்கடிகாரமும் கையுமாக மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் நான்கு நொடிதான்.

இன்று காலை அதே நிலையத்தின் வரவேற்பறையில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க மேடம், வாங்க! உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்று ஓடிவந்தார் தயாரிப்பாளர். முதியவர்களான நட்சத்திரங்களின் வீட்டுக்குப் போய் அவர்களுடைய நோயையும் மருந்தையும் தனிமையையும் காட்டும் வார நிகழ்ச்சியை நடத்துகிற பெண்மணி அவர். "உங்க டிரைவர் கீழேயே இருக்கட்டுமே."

"டிரைவர் அண்ணிதாங்க" என்றான் கொழுந்தன். "நான் பக்கத்துல உட்கார்ந்து பயப்படறதுக்கு."

அண்ணி சிரிக்கவில்லை. வாசல் காவலாளியிடம் வருகைப் பதிவேட்டை வாங்கி, இந்த வாரப் பக்கங்களை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் மாடி ஏறினார். எதையும் வரிசையாகச் செய்கிற பழக்கம். அதைப் பார்த்தாலே கொழுந்தனுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அவன் நான்கு நான்கு படியாகத் தாவி ஏறிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். அண்ணி ஒவ்வொரு படியாக வந்து சேர்ந்து கதவைத் திறந்துவிடுவார்.

மூன்றாவது மாடியின் கடைசி அறையில் ஒரு இரும்பு பீரோ. அதற்கு முன்னால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். முப்பத்தோரு வருடமாக இந்த அறையின் பொறுப்பாளர். நிலையத்தில் அவருக்குச் சித்திரகுப்தர் என்று பெயர்.

"மொத்தம் எத்தனை பேர் உள்ள இருக்காங்க?" என்று கேட்டார் அண்ணி.

"முப்பத்தொன்பது பேர்மா."

"எல்லாரும் உயிரோடவா?" என்றான் கொழுந்தன்.

"எல்லாரும் உயிரோடதான் தம்பி. செத்துட்டா கீழ் மாடிக்கு மாத்திடுவோம்."

விஷயம் இதுதான். வயதான நட்சத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் அஞ்சலி நிகழ்ச்சியை முன்கூட்டியே தயாரித்து அந்தப் பீரோவில் வைத்துவிடுவார்கள். தேதியை மட்டும் கடைசி நேரத்தில் சேர்த்தால் போதும். ஒருவருக்கு ஒரு டிவிடி வட்டு, தனிப் பெட்டியில். அது ஒரே பிரதி. கணினியில் வைக்கக் கூடாது என்று நிலையத்தில் கண்டிப்பான விதி. இரண்டு வருடங்களுக்கு முன்னால் கணினியில் கிடந்த ஒரு பாடகரின் அஞ்சலியை யாரோ தவறுதலாகத் தட்டிவிட, அது ஒளிபரப்பாகிவிட்டது. பாடகரே தொலைபேசியில் வந்து, 'அந்த ரெண்டாவது பாட்டு நான் பாடினதே இல்லை' என்று சண்டை போட்டார். அன்றைக்கு வந்தது இந்தப் பீரோவும் பூட்டும்.

இப்போது நாட்டுக்கே செல்லப்பிள்ளையான நாயகன் நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்று காலை அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது அவருடைய வட்டு இல்லை. அவரோடு இருபது படங்களில் அடி வாங்கிய வில்லனின் வட்டு.

"அம்பத்திரண்டு நிமிஷ நிகழ்ச்சி மேடம்! திரும்ப எடுக்க ஒரு மாசம் ஆகும்" என்றார் தயாரிப்பாளர். "சாவி இவர்கிட்ட மட்டும்தான். வேற நிலையத்துக்குக் கொடுத்துட்டார்னு மேல இருக்கறவங்க நினைக்கறாங்க. அஞ்சு மணிக்குள்ள கிடைக்கலைன்னா போலீஸ். நான் தடுக்க முடியாது."

அவர் போன பிறகு சித்திரகுப்தர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "அடுத்த மாசம் ஓய்வு பெறணும்மா. இத்தனை வருஷம் இருந்துட்டுத் திருடன்னு பேரோட வெளியே போகணுமா?"

"இந்த வாரம் யார் யார் இந்த அறைக்கு வந்தாங்க?"

"செவ்வாய்க்கிழமை வில்லன் வந்தார். அவரோட நிகழ்ச்சியில ஒரு வருஷம் தப்பா இருந்தது. அதைச் சரிபண்ண வட்டை வெளியே எடுத்து மேஜையில வச்சிருந்தேன். புதன்கிழமை நாயகனோட வீட்டுக்காரம்மா பழைய போட்டோ கொடுக்க வந்தாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொடுத்துட்டு உடனே போயிட்டாங்க."

அண்ணி தலையை ஆட்டினார். கொழுந்தன் நாயகனின் பெட்டியை எடுத்தான். மூடியின் உட்புறம் ஒரு நிமிடப் பட்டியல் ஒட்டியிருந்தது. உரக்கப் படித்தான்.

"சின்ன வயசு, மூணு நிமிஷம். பாட்டும் சண்டையும், இருபது. நாயகி, பதினாலு இருபது. வில்லன், அஞ்சு. டைரக்டர்கள், ஒம்பது. மனைவி..." நிறுத்தினான். "மனைவிக்கு நாற்பது நொடியா? கட்டின பொண்டாட்டிக்கா?"

"வெறும் போட்டோதான் தம்பி. பின்னால ஒரு குரல் பேசும். இங்க ஒரு வழக்கம் இருக்கு. பேச வர்றவங்க, ஆள் போயிட்ட மாதிரி நினைச்சுக்கிட்டுப் பேசணும். போன வருஷமே அந்தம்மாவைக் கேட்டோம். 'மனுஷன் உள்ள உட்கார்ந்து காபி குடிச்சிட்டு இருக்கார், நான் இங்க அவரைச் சாகடிக்கணுமா'ன்னு எழுந்து போயிட்டாங்க."

"நாயகி?"

"ஒரே டேக்" என்றார் சித்திரகுப்தர்.

நாற்பது நொடி என்பது நான்கு நொடியைப் போலப் பத்து மடங்கு என்று கொழுந்தனின் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. சீ என்று அதை அடக்கினான்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தான். "வில்லன்தான் அண்ணி. சந்தேகமே இல்லை. அவரோட வட்டு மேல ஆறு நிமிஷம்னு எழுதியிருந்தது, நாயகனுக்கு அம்பத்திரண்டு. காலம் பூரா அடிவாங்கினவன் செத்த பிறகும் ஏன் தோத்துப் போகணும்னு நினைச்சிருப்பார். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பின நேரத்துல மாத்தி வச்சிட்டார். நாயகன் போனா ஒளிபரப்பாகறது வில்லன் புகழ்!"

"இருக்கலாம்" என்றார் அண்ணி, கியரை மாற்றியபடி. "பார்த்துட்டுச் சொல்லலாம்."

அந்த 'பார்த்துட்டுச் சொல்லலாம்' என்ற வார்த்தையை அவன் வெறுத்தான். தன்னால் அப்படிச் சொல்ல முடியாததும் அதற்கு ஒரு காரணம்.

*

வில்லன் உடற்பயிற்சி சைக்கிளில் உட்கார்ந்து மெல்ல மிதித்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது. திரையில் ஒரு பழைய நகைச்சுவை நடிகை தன் மருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பதினோரு மாத்திரையாம்! எனக்கே ஒம்பதுதான்" என்றார் வில்லன். "உட்காருங்க. யாருக்குப் பேசணும்?"

"புரியலைங்க" என்றார் அண்ணி.

"அஞ்சலிக்குன்னு நினைச்சேன். இதுவரைக்கும் பதினேழு பேருக்குப் பேசியாச்சு. யார் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அழுகை வராது, ஆனா குரல் கனமா இருக்கும்." சைக்கிளை நிறுத்தினார். "ஒரே கவலைதான். நான் போனா பேச ஆள் மிச்சம் இருக்காது."

"நாயகன் இருக்காரே" என்றான் கொழுந்தன், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"அந்த ராஸ்கல் எழுந்து வரணும் தம்பி. எனக்குப் பேசறேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். ஏமாத்திட்டுப் போகப் பார்க்கிறான்." கண்ணோரத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். அழுகை வராது என்று சொன்னவர்.

கொழுந்தன் கடைசி அம்பை விட்டான். "உங்க அஞ்சலி வெறும் ஆறு நிமிஷமாமே? வருத்தமா இல்லையா?"

வில்லன் சைக்கிளிலிருந்து இறங்கியேவிட்டார். "ஆறா? நிஜமாவா? நான் மூணுதான் எதிர்பார்த்தேன்! ஏம்மா, ஏய், இங்க வா! எனக்கு ஆறு நிமிஷமாம்!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். உள்ளேயிருந்து, "அவ்வளவு நேரம் எவன் பார்ப்பான்?" என்று பதில் வந்தது.

வெளியே வந்ததும் கொழுந்தன் வாயைத் திறக்கவில்லை. அண்ணி அவனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா? பேச்சையே காணோம்."

"அவர் இல்லை அண்ணி."

"எப்படிச் சொல்ற?"

"தெரியும்" என்றான். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பொறாமைப்படுகிறவன் நேரத்தைத் தெரிந்து வைத்திருப்பான். அடுத்தவனுக்கு எத்தனை, தனக்கு எத்தனை என்று விரல் நுனியில் இருக்கும். இந்த மனிதருக்குத் தன்னுடைய ஆறு நிமிடமே தெரியவில்லை. இப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அண்ணி கேட்பார். அதற்கு அவனிடம் நான்கு நொடியைத் தவிர வேறு பதில் இல்லை.

*

ஆஸ்பத்திரி வாசலில் கேமராக்கள் முளைத்திருந்தன. அவற்றின் நடுவே நாயகி நின்றுகொண்டிருந்தார். வெள்ளை உடை, கறுப்புக் கண்ணாடி. அண்ணி பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே நுழைந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான பிளாஸ்டிக் இருக்கையில் நாயகனின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதில் வெந்நீர் பிளாஸ்க்கின் மூடி தெரிந்தது. எதிர்ச்சுவரில் சத்தமில்லாமல் ஒரு டிவி. அதில் வாசலில் பார்த்த அதே வெள்ளை உடை, அதே கறுப்புக் கண்ணாடி.

அண்ணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்படிம்மா இருக்கார்?"

"குழாய் வச்சிருக்காங்க. பேச முடியாது. சாயங்காலம் டாக்டர் பார்த்துட்டுச் சொல்றேன்னார்." பார்வை டிவியிலேயே இருந்தது. "அங்க பாருங்க. காலையிலேர்ந்து வாசல்லயே நிக்கறாங்க. உள்ள வரமாட்டாங்க. உள்ள கேமரா விடமாட்டாங்களே."

"கால் வலிக்காதா அவங்களுக்கு?" என்றான் கொழுந்தன்.

அந்தம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "கால் வலிக்கும். கண் வலிக்காது. நிறுத்தாம அழுவாங்க தம்பி. பதினாலு நிமிஷம் இருபது நொடி அழுவாங்க."

கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு கருவி மட்டும் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது.

கொழுந்தன் டிவியிலிருந்து கண்ணை எடுத்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவன் அண்ணிக்கு முன்னால் போயிருந்தான். இதோ பிடித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டிய நேரம். ஆனால் குதிக்க வரவில்லை. அந்தம்மாவின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தான்.

"போன மாசம் அண்ணியைப் பத்தி டிவியில காட்டினாங்கம்மா. அரை மணி நேரம். அதுல நான் எவ்வளவு நேரம் வந்தேன் தெரியுமா? நாலு நொடி. மூணு தடவை கடிகாரம் வச்சுப் பார்த்தேன். மத்தவங்க யாருக்கும் தெரியாது. யாருக்கு வயிறு எரியுதோ அவங்கதான் எண்ணுவாங்க."

அண்ணியின் கை வாரில் அப்படியே நின்றது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இருபது நொடின்னு சொன்னீங்களே. அதை எண்ணி முடிக்கறப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சும்மா?"

அந்தம்மா அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அடியில் கிடந்த கைத்துண்டைப் பிரித்தார். உள்ளே வட்டு.

"தேதியெல்லாம் சரியா இருக்கான்னு வீட்டு ஆளுங்ககிட்ட ஒரு தடவை காட்டறது அந்தப் பெரியவர் வழக்கமாம். விதிப்படி காட்டக் கூடாது. நல்ல மனசுல காட்டினார். போட்டோவை நகல் எடுக்கப் போனார். நான் தனியா உட்கார்ந்து பார்த்தேன்." குரல் தடுமாறவில்லை. "எல்லாம் சரியாத்தான் இருந்தது. அப்புறம் டிவியில நிக்கற இவங்க வந்தாங்க. விளக்கு எரியாம அவருக்குத் தூக்கமே வராதுன்னு சொன்னாங்க. நாற்பத்தாறு வருஷமா விளக்கு வெளிச்சத்துல தலையணையைக் கண்ணுல வச்சுக்கிட்டுத் தூங்கறவ நான். அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தம்மா தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பார்த்தார்.

"அவரைக் கேக்கணும். வாயில குழாய். அதைக் கேக்காம அவரை எங்கேயும் விடறதா இல்லை நான். அதுக்குள்ள இது ஊர் பூரா ஓடிடக் கூடாதுன்னு எடுத்துட்டேன். காலிப் பெட்டின்னா உடனே தெரிஞ்சிடுமேன்னு மேஜையில கிடந்த வேற ஒண்ணை உள்ள வச்சேன். யாரோடதுன்னு கூடப் பார்க்கலை."

"அதனால அந்தப் பெரியவர் திருடனாகப் போறார்மா" என்றார் அண்ணி மெதுவாக. "அஞ்சு மணிக்குப் போலீஸ் வருது. உங்களுக்குக் காட்டினதை அவர் எங்ககிட்டக்கூடச் சொல்லலை. உங்களை மாட்டிவிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கார்."

அந்தம்மா நிமிர்ந்தார். இது அவருக்குத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. துண்டோடு வட்டை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். ஆனால் விரல்கள் அதை விடவில்லை.

"ஒரு நிபந்தனை. இதுல நானும் பேசணும். அவங்க பேசினதுக்கு அப்புறம், கடைசியா. அவங்க பேசினதை வெட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்."

"எவ்வளவு நேரம்மா வேணும்?"

"பதினஞ்சு நிமிஷம்" என்றார் நாயகனின் மனைவி.

*

தாழ்வாரத்தின் கோடியில் நின்று அண்ணி தயாரிப்பாளரை அழைத்தார். "வட்டு எங்கேயும் வெளியே போகலைங்க. வீட்டு ஆளுங்க சரிபார்க்க வந்தப்போ பெட்டி மாறிப்போச்சு. உங்க பெரியவர் மேல தப்பில்லை. இப்ப அவரையே ஒரு கேமராவோட அனுப்புங்க. போன வருஷம் பேசமாட்டேன்னவங்க பேசறேங்கறாங்க. கண்டுபிடிச்சது நான் இல்லை, என் கொழுந்தன்."

மறுமுனைக் குரல் கொழுந்தனுக்கும் கேட்டது. "யாரு, அந்த டிரைவரா?"

அண்ணி தொலைபேசியைப் பைக்குள் போட்டார். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"வாசல் பதிவேட்டுல அந்தம்மா உள்ளே வந்தது பதினொண்ணு பத்து. வெளியே போனது பன்னிரண்டே கால். போட்டோ கொடுக்க ஒரு மணி நேரம் எதுக்கு?"

அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அப்போ காலையிலேயே தெரியும்."

"உட்கார்ந்திருந்தாங்கன்னு தெரியும். எதுக்காகன்னு தெரியலை. எடுத்திருப்பாங்கன்னு தோணவே இல்லை. புருஷன் சாகக் கிடக்கறப்போ ஒருத்தி நொடியை எண்ணுவாள்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் பழக்கம் இல்லை." பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நாலு நொடின்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"குடையை நீங்களே பிடிச்சிருப்பீங்களா?"

"பிடிச்சிருக்கமாட்டேன். வேற குடை வாங்கியிருப்பேன், சின்னதா."

நாலரை மணிக்குப் பார்வையாளர் அறையில் கேமராவைப் பொருத்தினார்கள். சித்திரகுப்தர் கை கூப்பிக்கொண்டு அந்தம்மா முன்னால் நின்றார். அந்தம்மா, "மன்னிச்சிடுங்க" என்றார். அவர், "வருஷமெல்லாம் சரியா இருந்துதாம்மா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கேமராக்காரர் கையைக் காட்டினார். கொழுந்தனின் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது.

அந்தம்மா மடியில் பையை வைத்தபடியே பேசினார்.

"இவர் காலையில எனக்கு முன்னாடி எழுந்துடுவார். செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தா எனக்குத் தூக்கம் கெட்டுடும்னு, ரெண்டு செருப்பையும் கையில தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போவார். நான் முழிச்சிட்டுத்தான் இருப்பேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டு இருப்பேன். நாற்பத்தாறு வருஷத்துல ஒரு நாளும் இதை அவர்கிட்ட சொன்னதில்லை. சொன்னா செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்துடுவாரே."

நிறுத்தினார்.

சித்திரகுப்தர் காத்திருந்தார். கேமராவும் காத்திருந்தது. கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான். நாற்பது நொடி. அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ.

"பேசுங்கம்மா. இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு" என்றார் சித்திரகுப்தர்.

அந்தம்மா எழுந்தார். தாழ்வாரத்தின் கோடியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இருக்கு. அது உங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அந்தக் கதவை நோக்கி நடந்தார்.

கொழுந்தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.